விற்பது சரக்கா, சட்டையா?

சரக்கு விற்கும் உத்தியோகத்தில் புகுகின்ற வாலிபர்களுக்கு இக்காலத்தில் முதன்முதலாகச் சொல்லிக் கொடுக்கப்படுகின்ற பாடம் சரக்கைப் பற்றியதல்ல, சட்டையைப் பற்றியதேயாகும். கம்பெனிக்காரர்கள் ஆளைத் தெரிந்தெடுக்கும்போது பார்ப்பதும், வேலையில் அமர்த்திக் கொண்ட பிறகு பயிற்சி என்ற பேரால் போதிப்பதும், ஷூவுக்கு மெருகு இருக்கின்றதா, கழுத்தில் டை தொங்குகின்றதா, முகம் மழித்திருக்கின்றதா, சட்டையின் மடிப்புக் கலையாமல் இருக்கின்றதா என்பவைகளையேயாகும். "ஆள் பாதி, ஆடை பாதி" என்கின்ற பழமொழியும் இதற்குச் சாட்சியாகக் கொண்டு வரப்படுகின்றது. அதையும் இன்னும் கொஞ்சம் நீட்டி, ஆடை முக்கால், ஆள் கால் என்று உபதேசிக்கின்றவர்களும் இருக்கின்றார்கள்.

இது உண்மைதானா? உண்மையானால் அது ஏன் உண்மையாயிற்று? இதனால் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு? இவைகளை நமது பட்டணத்து வாலிபர்களும் கிராமத்து வாலிபர்களும் யோசித்துப் பார்க்க வேண்டியது அவசியமென்று கருதியே இதை எழுதுகின்றோம். ஏனெனில், படித்து வெளிவருகின்ற நம் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு முதலில் கிடைக்கின்ற வேலை இந்த விற்பனை வேலையேயாகும். ஜவுளிக்கடை, நகைக்கடை, மோட்டார் வண்டிக் கடை, மருந்துக் கம்பெனி, இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆகிய எங்கே போனாலும் இந்த உடுப்பு உபதேசமே அவர்களை வரவேற்கின்றது. அதைக் கேட்டவர்களில் சிலர் அதை வேதவாக்காக எண்ணிக் கடன்பட்டு உடுப்பு வாங்குகின்றார்கள். வேறு சிலர், நமக்கு அந்த லட்சணமெல்லாம் ஏது என்று தங்களைத் தாங்களே தாழ்த்திக்கொண்டு ஒதுங்கிப் போகின்றார்கள். இரண்டும் கேடு என்பதே நமது அபிப்பிராயம்.

வலிமை எங்கே இருக்கின்றது?

உடுப்புக்கு வலிமை இல்லை என்று சொல்ல நாம் வரவில்லை. நிரம்பவும் இருக்கின்றது. ஆனால் அந்த வலிமை துணியில் இல்லை. அதைப் பார்க்கின்றவனுடைய புத்தியில் இருக்கின்றது என்றுதான் சொல்லுகின்றோம்.

1906-ம் வருஷம் அக்டோபர் மாதம் ஜெர்மனி தேசத்தில் நடந்த ஒரு சங்கதியைப் பாருங்கள். வில்ஹெல்ம் வொய்ட் என்பவன் செருப்புத் தைக்கும் தொழிலாளி. பல தடவை ஜெயிலுக்குப் போய் வந்தவன். பெர்லின் நகரத்தில் நீ குடியிருக்கக் கூடாது என்று சில வாரங்களுக்கு முன்புதான் சர்க்கார் அவனை விரட்டியிருந்தது. அவன் பழைய துணிக் கடைகளில் ஒரு ராணுவக் காப்டனுடைய உடுப்பை வாங்கி மாட்டிக்கொண்டான். தெருவில் போய்க்கொண்டிருந்த சிப்பாய்களை நிறுத்தி, பின்னால் வரும்படி உத்தரவு போட்டான். அவர்களும் வந்தார்கள். பெர்லினுக்கடுத்த கோபெனிக் என்ற ஊருக்குப் போய், அங்குள்ள நகரசபைத் தலைவரையே கைது செய்து, பொக்கிஷத்திலிருந்த 3,500 மார்க்குக்கு மேற்பட்ட பணத்துக்கு ரசீதும் எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான்! அவன் பேச்சைத் தட்டினவர்களில்லை. மனிதன் அதே மனிதன்தான். மாறினது துணி மாத்திரமே. போன மாதம் குடியிருக்க இடம் கொடாமல் விரட்டின அதே சர்க்காரின் சிப்பாய்கள், இந்த மாதம் அதே ஆளுக்கு சலாம் போட்டார்கள் என்றால் இது துணியின் பெருமையா, பார்த்தவர்களுடைய புத்தியின் சிறுமையா?

இன்னொன்று. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரத்தில் செய்யப்பட்டு, 1955-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இருக்கின்றது. சாலையைக் கடக்கக் கூடாது என்று விளக்குக் காட்டும்போது ஒரு மனிதனை வேண்டுமென்றே கடக்கச் செய்தார்கள். ஒரு சமயம் நல்ல கோட்டும் டையும். மற்றொரு சமயம் அழுக்கும் ஒட்டுமான துணி. கந்தலோடு கடந்தபோது போனதைவிட, கோட்டோடு கடந்தபோதுதான் அவன் பின்னால் அதிகப்பேர் போனார்களாம். சட்டம் "நில்" என்றது. கோட்டு "வா" என்றது. கோட்டின் பேச்சே எடுபட்டது.

நமது வாசகர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமிராது. ஒரு நூலை மார்பில் போட்டவனையும், ஒரு முழம் காவியைச் சுற்றினவனையும், நெற்றியில் பட்டையடித்தவனையும் கண்டவுடன் "சாமி" என்று கும்பிட்டுவிட்டு, அவன் சொல்லுவதில் புத்தி இருக்கின்றதா, புரட்டு இருக்கின்றதா என்று கேளாமல் பின்னால் போன ஜனங்கள் நாமல்லவா?

சரக்கு மறைந்தால் வேஷம் வளரும்

வியாபாரத்தில் வேஷம் எங்கே அதிகமாக வேண்டியிருக்கின்றது என்பதைக் கவனித்தால் ஒரு உண்மை விளங்கும். கத்தரிக்காய் விற்கின்ற அம்மாளுக்குக் கோட்டு வேண்டியதில்லை. காயை எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். சொத்தை இருந்தால் கூடையிலேயே திருப்பிப் போட்டுவிடலாம். சந்தையில் மாடு வாங்குகின்றவன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான், நடக்கவிட்டுப் பார்க்கின்றான். அங்கே தரகனுடைய துண்டு, மறைவில் விரலைப் பிடித்து விலை பேசுவதற்குத்தான் உபயோகப்படுகின்றதே ஒழிய, மாட்டின் விலையை ஏற்றுவதற்கு உபயோகப்படுவதில்லை.

ஆனால், இன்று பணம் கட்டினால் இருபது வருஷம் கழித்து இவ்வளவு தருகின்றோம் என்று வாக்கு விற்கின்றவனிடத்தில் புரட்டிப் பார்க்க என்ன இருக்கின்றது? ஒரு காகிதமும் ஒரு மனிதனுந்தான் இருக்கின்றார்கள். காகிதம் சாமானிய ஜனங்களுக்குப் படித்தாலும் விளங்காது. ஆகவே அவர்கள் மனிதனைப் பார்க்கின்றார்கள். மனிதனில் சட்டையைப் பார்க்கின்றார்கள். அதனால்தான் அங்கே டை வந்து சேருகின்றது. அதற்கும் மேலே போய், செத்த பிறகு மோட்சம் என்கின்ற சரக்கை விற்கின்ற புரோகிதனுடைய கடையைப் பாருங்கள். வாங்கினவன் ஒருவனும் திரும்பி வந்து, சரக்கு வந்து சேரவில்லை என்று பிராது கொடுத்ததில்லை. ஆகவே அங்கேதான் உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் வேஷம் நிறைந்திருக்கின்றது. சரக்கு எவ்வளவுக்கெவ்வளவு கண்ணுக்குத் தெரியவில்லையோ, அவ்வளவுக்கவ்வளவு உடுப்பு கண்ணைப் பறிக்க வேண்டியதாக இருக்கின்றது. டை கட்டினவர்களெல்லாம் புரட்டர்கள் என்று இதற்கு அர்த்தமல்ல. டையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகின்றவன் புரட்டனுக்கும் யோக்கியனுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள முடியாது என்பதே அர்த்தம்.

மனிதனுக்கு மாத்திரமல்ல, கடைக்கும் உடுப்பு உண்டு. பெயர்ப் பலகைதான் கடையின் உடுப்பு. "பிராமணாள்" என்று பலகையில் எழுதி இட்டிலி விற்றது எதற்காக? அந்த எழுத்தினால் மாவு அதிகமாகப் புளித்ததா, சாம்பாரில் பருப்பு அதிகமாக விழுந்ததா? இட்டிலிக்குப் பதிலாக ஜாதியை விற்றார்கள் என்பதல்லாமல் வேறென்ன? அதனால்தான் 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் பெரியார் கிளர்ச்சி தொடங்கினார். மாதக் கணக்கில் நமது தோழர்கள் அணியணியாகப் போய்க் கைதானார்கள். கடைசியில் அந்த எழுத்துப் பலகையை விட்டு இறங்கிற்று. எழுத்து இறங்கின பிறகு இட்டிலியின் ருசி குறைந்து போய்விட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

சட்டைக்குத் தடை போட்ட நாடு

இப்படியெல்லாம் சொல்லுவதைக் கொண்டு, உடுப்பே வீண் என்றும், அழுக்குத் துணியோடு போனால்தான் பகுத்தறிவு என்றும் யாரும் எண்ணிவிடக் கூடாது. அப்படிச் சொல்லுகின்ற யோக்கியதை, வேண்டிய உடுப்பை என்றும் தடையில்லாமல் உடுத்தி வந்தவனுக்கு ஒருக்கால் இருக்கலாம். நமது மக்களில் மிகப் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்களல்லர்.

திருவாங்கூர் சமஸ்தானத்தில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடுவதற்காகப் பல வருஷ காலம் அடிபட்டார்கள், துணி கிழிபட்டார்கள். 1859-ல் ராஜாவின் பிரகடனம் ஒன்று வந்தது. அதிலுங்கூட, மறைத்துக் கொள்ளலாம், ஆனால் மேல்ஜாதிப் பெண்கள் உடுத்துகின்ற மாதிரியில் உடுத்தக் கூடாது என்று ஒரு வாலை ஒட்டியே வைத்தார்கள். மானத்தை மறைக்கலாம், ஜாதியை மறைக்கக் கூடாதாம்!

அது சமஸ்தானத்துச் சங்கதி, நெடுநாளைய சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். 1930 டிசம்பரில் நமது ராமநாதபுரம் ஜில்லாவிலேயே மேல்ஜாதியென்று சொல்லிக் கொண்டவர்கள் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேஷ்டி கட்டக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் போடக் கூடாது. கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது. நகை, பூ கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது என்பவைகள் அவற்றில் அடங்கியவை. துணிக்கு வலிமையில்லை என்றால் இவ்வளவு பயந்துகொண்டு ஏன் தடை போட வேண்டும்? கீழே அழுத்தப்பட்டவன் சட்டை போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தால் தன் மேன்மைக்கு அத்தாட்சி வேறொன்றும் மிஞ்சாதே என்கின்ற பயந்தான் காரணம்.

இதையறிந்தே, 1927 டிசம்பரில் மஹத் மகாநாட்டில் தோழர் அம்பேத்கர் அவர்கள் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்களைப் பார்த்து, ஜாதியைக் காட்டிக் கொடுக்கின்ற மாதிரியில் சேலை கட்டுவதையும், ஜாதி அடையாளமாகக் கனத்த நகைகளைப் பூட்டிக்கொள்ளுவதையும் விட்டுவிடும்படியாகப் பேசினார். அவர் கோட்டும் சூட்டுமாக வாழ்ந்ததும் வெறும் அலங்காரத்துக்காக அல்ல. "நீ இதைப் போடக் கூடாது" என்று சொன்னவர்களுக்கு அவர் வாயைத் திறவாமல் சொன்ன பதில் அது.

உடுப்பு, பார்க்கின்றவனை மாத்திரமல்ல, போட்டுக்கொண்டவனையும் மாற்றிவிடுகின்றது. 2014-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆண்களில் சிலருக்குக் கோட்டும் சூட்டும், சிலருக்கு வீட்டில் மாட்டிக்கொள்ளுகின்ற தொளதொளத்த கால்சட்டையும் கொடுத்து, பேரம் பேசச் சொல்லிப் பார்த்தார்கள். கோட்டுக்காரர்கள் அதிக லாபத்தோடு பேரத்தை முடித்தார்கள். தாழ்ந்த உடுப்புக்காரர்கள் அதிகமாக விட்டுக் கொடுத்தார்கள். ஒரு நாழிகை நேரம் தாழ்ந்த துணி போட்டவனே இப்படி இறங்கிப் போகின்றான் என்றால், தலைமுறை தலைமுறையாக அரைத்துணி கட்டி நிற்கச் செய்யப்பட்டவர்கள் பேரத்திலும், கூலியிலும், கோர்ட்டிலும், கச்சேரியிலும் எவ்வளவு விட்டுக் கொடுத்திருப்பார்கள் என்று கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள். ஆகவே, கிராமத்திலிருந்து வந்து விற்பனை வேலைக்குப் போகின்ற நமது பிள்ளையிடம், "எளிமையே அழகு, கிழிசலே போதும்" என்று உபதேசம் செய்கின்றவர்கள் அவனுக்கு நன்மை செய்கின்றவர்களல்லர். நன்றாக வெளுத்த, கிழியாத, உடம்புக்குப் பொருந்தின உடுப்பு அவனுடைய உரிமை. அது யாரும் கொடுக்க வேண்டிய சலுகையல்ல.

விற்கின்றவனையே பிடித்த நோய்

நிற்க, உடுப்பைக் கொண்டு ஆளை மதிக்கின்ற நோய் வாங்குகின்றவனை மாத்திரம் பிடித்திருக்கவில்லை. விற்கின்றவனையும் நன்றாகப் பிடித்திருக்கின்றது. 2022 ஜனவரியில் கர்நாடகத்தில் தும்கூரில் ஒரு மோட்டார் வண்டிக் கடைக்கு ஒரு விவசாயி சரக்கு வண்டி வாங்கப் போனார். அவருடைய கோலத்தைப் பார்த்த விற்பனையாள், உன் பாக்கெட்டில் பத்து ரூபாய்கூட இராதே, பத்து லட்சம் ரூபாய் வண்டி உனக்கு எதற்கு என்ற முறையில் கேலி பேசினதாகப் பத்திரிகைகளிலெல்லாம் செய்தி வந்தது. அவர் ஒரு மணி நேரத்துக்குள் பத்து லட்சம் ரூபாயைக் கொண்டு வந்து வைத்து, இன்றைக்கே வண்டியைக் கொடு என்றாராம். கடைக்காரர்களால் அன்று கொடுக்க முடியவில்லை! கடைசியில் போலீசு வரைக்கும் போய், கடையார் வருத்தம் தெரிவித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்த விற்பனையாள் யார்? மாதச் சம்பளத்துக்கு நிற்கின்ற ஒரு தொழிலாளிதானே? அவனுடைய தகப்பனோ பாட்டனோ அதே விவசாயியைப் போல மண்ணில் உழைத்தவனாகவே இருக்கக் கூடும். கம்பெனி கொடுத்த உடுப்பை மாட்டிக்கொண்டவுடன் அவன் கண்ணும் கம்பெனியுடைய கண்ணாகிவிட்டது. வியாபார நோக்கத்தோடு பார்த்தாலுங்கூட இதைப் போன்ற மடமை வேறில்லை. நமது நாட்டில் பணமுள்ளவன் எல்லாம் பளபளவென்று வருவதில்லை. பளபளவென்று வருகின்றவனிடத்திலெல்லாம் பணமும் இருப்பதில்லை. அறுப்பு முடிந்து களத்திலிருந்து நேரே வருகின்றவனை வாசலில் நிறுத்தினால், நஷ்டம் அவனுக்கா, கடைக்கா?

வேஷ்டி கட்டினவர்களுக்கு இந்த அவமானம் புதிதல்ல. 2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கத்துக் கிளப்பில், வேஷ்டி கட்டி வந்த ஹைகோர்ட்டு நீதிபதி ஒருவரையே உள்ளே விட மறுத்துவிட்டார்கள். அதே வருஷத்தில், வேஷ்டி கட்டினவர்களைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. நீதிபதிக்கே இந்தக் கதியென்றால், கிராமத்துக் குடியானவனுக்கு என்ன கதி என்று நாம் எழுத வேண்டியதில்லை.

காரணம் போனது, டை போகவில்லை

அப்படியானால் விற்பனை வேலைக்கு எந்த உடுப்புத்தான் சரி? இதற்கு விடை அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கதையிலேயே இருக்கின்றது.

தாமஸ் வாட்சன் என்பவர் இளம் வயதில் தையல் இயந்திரத்தையும் பியானோவையும் வண்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர். 1914-ல் ஒரு கம்பெனிக்குத் தலைமை வகித்தார். அதுதான் 1924 முதல் ஐ.பி.எம். என்று பேர் பெற்றது. அவருடைய விற்பனையாட்கள் கறுப்பு அல்லது நீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, டை ஆகிய கோலத்தில்தான் போக வேண்டும். இது ஏன்? அவர்களிடத்தில் இயந்திரம் வாங்குகின்ற பெரிய கம்பெனி அதிகாரிகள் அக்காலத்தில் அப்படித்தான் உடுத்தியிருந்தார்கள். வாங்குகின்றவனுக்கு மரியாதை காட்ட வேண்டும், அவனுக்கு ஒத்த மாதிரியில் உடுத்த வேண்டும் என்பதே அதன் கருத்து. கருத்து நல்ல கருத்துதான்.

ஆனால் வருஷங்கள் சென்றன. வாங்குகின்றவர்களுடைய உடுப்பு மாறிப் போயிற்று. அவர்கள் கோட்டையும் டையையும் கழற்றிவிட்டுச் சாதாரணச் சட்டையோடு வேலை செய்யத் தொடங்கினார்கள். ஐ.பி.எம். ஆட்கள் மாத்திரம் வெள்ளைச் சட்டையை விடவில்லை. மரியாதை காட்டுவதற்காக ஏற்பட்ட உடுப்பு, காரணம் போன பிறகும் சடங்காக நின்றுவிட்டது. 1993-ல் தலைமைக்கு வந்த லூயி கெர்ஸ்ட்னர் என்பவர் இதைக் கவனித்து 1995-ல் அந்த விதியை எடுத்துவிட்டார். இன்று யாரைப் பார்க்கப் போகின்றாயோ, என்ன வேலை செய்யப் போகின்றாயோ, அதற்குத் தக்கபடி உடுத்திக் கொள் என்பதே அவர் சொன்னதன் சாரம். உலகத்தில் கம்ப்யூட்டர் விற்றவர்களுக்கே, ஒரு டையைக் கழற்றுவதற்கு இத்தனை காலம் பிடித்தது!

நமது ஊரில் திவசத்துக்குப் பூனையைக் கூடையில் கவிழ்த்த கதை ஒன்று வழங்குகின்றது. பாட்டன், திவசத்தன்று வீட்டுப் பூனை பாலில் வாய் வைக்காமலிருக்க அதைக் கூடையில் கவிழ்த்து வைத்தான். தகப்பனும் அப்படியே செய்தான். மகன் காலத்தில் வீட்டில் பூனையே இல்லை. அடுத்த தெருவில் போய் இரவலாகப் பூனை பிடித்து வந்து கவிழ்த்துவிட்டுத் திவசம் கொடுத்தானாம். சித்திரை வெயிலில், ஆஸ்பத்திரி வாசலில் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டருக்காகக் காத்திருக்கின்ற மருந்துக் கம்பெனி ரெப்ரசென்டேட்டிவின் கழுத்திலுள்ள டையைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு இந்த இரவல் பூனையின் ஞாபகம்தான் வருகின்றது. குளிர் தேசத்தில் பிறந்த அந்தக் கழுத்துத் துணிக்கு நமது வெயிலில் என்ன காரணம்? மருந்தின் குணத்தை அது ஒரு குன்றிமணி அளவாவது கூட்டுகின்றதா?

"நீங்களுந்தான் கருப்புச் சட்டை போடுகின்றீர்கள், அது வேஷமல்லவா?" என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். கருப்புச் சட்டையை அணிந்தவர்கள் தங்கள் இழிவு நீங்க வேண்டும் என்ற காரணத்தை வெளியில் சொல்லிவிட்டு, தாங்களே தெரிந்தெடுத்து அணிந்தார்கள். அதனால் அவர்களுக்குச் சம்பளம் உயரவில்லை. 1948-ல் சர்க்கார் கருஞ்சட்டைப் படைக்குத் தடைதான் போட்டது. பெரியாரும் ஒரு காலத்தில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றவர்தான். ஈரோட்டில் பெரிய வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர், பட்டையும் பகட்டையும் விட்டுக் கதர் கட்டினார். அதனால் நாட்டுக்கு நன்மை உண்டென்று நம்பினவரையில் கட்டினார், விற்றார். நம்பிக்கை போனபின் காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லிவிட்டுக் கதரையும் விட்டார். பின்னாளில் கைலியும் கருப்புச் சட்டையுமாக அவர் மேடையில் நின்றபோது, ஜனங்கள் மணிக்கணக்காக உட்கார்ந்து கேட்டது கைலிக்காகவா? சரக்குக்காகவா? காரணத்தோடு உடுத்துவது அறிவு. காரணம் போன பிறகும் உடுத்திக்கொண்டிருப்பது சடங்கு. வித்தியாசம் இவ்வளவுதான்.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை

உடுப்பையாவது கழற்றி மாற்றலாம். தோலைக் கழற்றி மாற்ற முடியுமா? விற்பனை வேலைக்கு "பார்வைக்கு லட்சணமாக" ஆள் வேண்டும் என்று கேட்பதில், சிவப்பாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிக் கிடக்கின்றது. 1975 முதல் இந்நாட்டில் "பேர் அண்ட் லவ்லி" என்ற முகக் களிம்பு விற்கப்பட்டு வந்தது. முகம் வெளுத்தால் பெண்ணுக்கு வேலையும் கிடைக்கும், கல்யாணமும் கூடும் என்பதே அதன் விளம்பரங்கள் போதித்த பாடம். உலகத்தில் எதிர்ப்புக் கிளம்பின பிறகு 2020-ல் பேரிலிருந்து வெளுப்பைக் குறிக்கின்ற சொல்லை மாத்திரம் எடுத்துவிட்டார்கள். பேர் மாறிற்று, கடை முதலாளியின் கண் மாறிற்றா என்பதுதான் கேள்வி. கருத்த மக்கள் வாழ்கின்ற நாட்டில், கருத்த மக்கள் பணத்தில் வாழ்கின்ற கடையில், கருத்த பெண்ணைக் கிடங்கிலும் சிவந்த பெண்ணை முன் வரிசையிலும் நிறுத்துவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

அன்றியும், ஒரே மாதிரியான சேலையும் சட்டையும் கொடுத்து, முகத்தில் சிரிப்பு மாறாமல் இருக்க வேண்டுமென்று உத்தரவும் போட்டு, காலை முதல் இரவு வரையில் உட்கார விடாமல் நிற்க வைத்தார்களே, அது எந்த அழகுக்காக? பெண்கள் கால் வீங்கி வீட்டுக்குப் போனார்கள். கேரளத்தில் பெண் தொழிலாளர்கள் போராடி, 2018-ல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். 2021-ல் தமிழ்நாட்டிலும் கடைச் சட்டம் திருத்தப்பட்டு, வேலையாட்களுக்கு உட்கார இடம் கொடுத்தே தீர வேண்டுமென்று ஏற்பட்டது. ஒரு மனிதன் உட்காருவதற்குச் சட்டம் வேண்டியிருந்தது என்றால், அதுவரையில் அந்த அழகான உடுப்புக்குள்ளே இருந்தது மனிதனா, துணி மாட்டுகின்ற பொம்மையா? சட்டம் வந்தது சரி; ஒவ்வொரு கடையிலும் நாற்காலி வந்ததா, வந்த நாற்காலியில் உட்கார விடுகின்றார்களா என்பதை, துணி எடுக்கப் போகின்ற நமது தோழர்களும் தாய்மார்களும் கண் திறந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே கேட்க வேண்டும்.

உடுப்பு விற்பனைக்கு அவ்வளவு அவசியம் என்று மெய்யாகவே நம்புகின்ற முதலாளி, அதன் கிரயத்தையும் வெளுப்புக் கூலியையும் தானே கொடுக்கட்டும். தராசுக்கும் படிக்கல்லுக்கும் வேலையாளிடத்தில் பணம் கேட்பதில்லையே. உடுப்பும் கடையின் கருவியென்றால் அதற்கு மாத்திரம் ஏழையின் சம்பளம் எதற்காக?

ஆகவே, விற்பனை வேலைக்குப் போகின்ற வாலிபர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம் இவ்வளவே. சுத்தமாக உடுத்துங்கள், வேலைக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி உடுத்துங்கள், வாங்க வருகின்றவன் கூசி ஒதுங்காத மாதிரியில் உடுத்துங்கள். ஜாதியைக் காட்டுகின்ற குறி ஒன்றும் உடம்பில் வேண்டாம். கடன்பட்டுக் கோட்டு வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் பாதியையும் நேரத்தில் பாதியையும் சரக்கைப் படித்துத் தெரிந்துகொள்ளச் செலவிடுங்கள். முதல் தடவை சட்டை விற்கக் கூடும். இரண்டாவது தடவை சரக்கும் நாணயமுந்தான் விற்கும். எதிரில் கந்தலோடு வந்து நிற்கின்றவனுக்கும் கோட்டோடு வந்து நிற்கின்றவனுக்கும் ஒரே மாதிரியாக நாற்காலி போடுங்கள்.

வாங்கப் போகின்ற நம்மவர்களுக்குச் சொல்லுவது, கத்தரிக்காய்க்குச் செய்கின்ற பரீட்சையை இன்ஷூரன்சுக்கும் செய்யுங்கள், சீட்டுக்கும் செய்யுங்கள், மருந்துக்கும் செய்யுங்கள், மோட்சத்துக்கும் செய்யுங்கள் என்பதேயாகும். விளங்காத காகிதத்தை விளங்கும்வரை கேளுங்கள். விளங்கச் சொல்ல முடியாதவன் எவ்வளவு நல்ல டை கட்டியிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பூணூலுக்கும் காவிக்கும் இறங்கின தலையை மறுபடியும் கோட்டுக்கு இறக்குவதற்காக நாம் நிமிர்த்தவில்லை என்பதை நினைவில் வைக்கும்படியாகக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.